ஜெமீலா ரொட்டி சாப்பிடவில்லை

போன மாதம் உங்களில் நாலைந்து பேர் லிங்கநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களில் இளையவர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், என்னைப் பார்த்து, "சேர், நோயாளி பொய் சொல்லுறார் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். நான் வழக்கம்போலப் பகிடி விட்டேன். "லீவு கேட்டு வாற டொக்டர்மாரின்ர முகத்தைப் பார்த்துப் பழகுங்கோ, மற்றதெல்லாம் தானா வரும்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் வேறொரு பதில் இருந்தது. வேலையில் இருந்த காலம் முழுக்க எத்தனையோ இளம் வைத்தியர்களுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன் என்ற பயம். எழுதினால் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஆகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

இது எழுபதுகளின் முற்பகுதியில் நடந்தது. திருகோணமலைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நான் வேலை செய்தேன். அதன் பெயர் வேண்டாம். பிழை செய்தவன் நான், அதைக் கட்டடத்தின் தலையில் போட எனக்கு விருப்பமில்லை. வைத்தியனாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு அலுமாரி நிறைய வைத்தியப் புத்தகங்கள். இந்தக் கடற்கரையில் என்னைப் போல வாசிக்கிற ஆள் வேறு இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்தக் காலத்துப் பஞ்சம் உங்களுக்குத் தெரியாது. பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசி குறைந்துகொண்டே போனது. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகவும் கட்டுப்பாடு. வயல் உள்ளவன் பாடு பரவாயில்லை. இல்லாதவன் வீட்டில் காலையில் பேக்கரிப் பாண், மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, பொழுதுபட்டால் கோதுமை மா ரொட்டி. அந்தப் பாணுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். நானும் நின்றிருக்கிறேன். இந்த விஷயத்தை மறக்காமல் மேலே வாசியுங்கள், என் பிழை அந்தப் பஞ்சத்தை நம்பித்தான் வளர்ந்தது.

ஜெமீலா குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்தவர். வயது முப்பதுக்குள். மூன்று பிள்ளைகளின் தாய். அவரது கணவர் காசிம் களப்பில் மீன் பிடிப்பவர், சொந்தமாக ஒரு அடி வயல் கிடையாது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் களப்பைத் தாண்டி, பிறகு பஸ் பிடித்து, இருவரும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். ஜெமீலாவின் கையைப் பிடித்துப் பார்த்தபோது எலும்புதான் தட்டுப்பட்டது. முகம் வெளிறிக் கிடந்தது. கால் வீங்கியிருந்தது. நாக்கு சிவந்து, வழுவழுவென்று, புளி பட்டால் உயிர் போகும் நிலை. மாதக்கணக்காக வயிற்றால் போகிறது, எண்ணெய் மிதக்கப் போகிறது என்றார்.

"மாரி மழைக்குள்ள எங்கட தெருவில எல்லாருக்கும் வயித்தால போன, டொக்டர். மத்தவங்களுக்கு நாலு நாளையில நிண்டுட்டு. எனக்கு மட்டும் நிக்கல்ல. அதுக்குப் பொறகுதான் இந்த நாக்கும்..."

"அதெல்லாம் பிறகு கதைப்பம். ரொட்டி, பாண் சாப்பிட்டால் கூடுதா?" என்று நான் இடையில் புகுந்தேன்.

ஜெமீலா கொஞ்சம் யோசித்தார். "ரொட்டி திண்டாலும் போகுது. சோறு திண்டாலும் போகுது" என்றார்.

நான் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முந்திய மாதம்தான் சீலியாக் நோயைப் பற்றி ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன். கோதுமையில் உள்ள ஒரு புரதம் சிலருடைய சிறுகுடலுக்கு ஒத்துக்கொள்ளாமல், உள்சுவர் தேய்ந்து, எதைச் சாப்பிட்டாலும் சத்து உடம்பில் சேராமல் போகிற நோய். எங்கள் பக்கத்தில் அதைக் கண்டவர் யாரும் இல்லை. புத்தகத்தில் வாசித்த நோய் நடந்து வந்து என் கதிரைக்கு முன்னால் உட்கார்ந்தால் இளம் வைத்தியனுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது மிகவும் கெட்ட சந்தோஷம். உங்களுக்கும் வரும். வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

குடலில் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று காசிம் தயங்கினார். நானே, "தேவையில்ல, எனக்கு விளங்கீட்டுது" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு கட்டளை போட்டேன். "கோதுமை மாவில செய்த எதையும் இவ வாயில வைக்கப்படாது. பாண், ரொட்டி, பிஸ்கட், ஒண்டும் ஏலாது. சோறு மட்டும்."

"எவ்வளவு காலத்துக்கு டொக்டர்?" என்று காசிம் கேட்டார்.

"ஆயுள் முழுக்க."

"அரிசிக்கு எங்க போற?"

"அது உங்கட பாடு, நானா. மனுசி வேணுமெண்டால் இதுதான் வழி" என்றேன், அண்ணன் என்று உறவு சொல்லி அழைத்தபடியே.

காசிம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. வீட்டுக்கு வந்த கூப்பன் அரிசி முழுக்க ஜெமீலாவுக்குப் போனது. காசிமும் பிள்ளைகளும் ரொட்டியும் கிழங்கும் தின்றார்கள். சோறு வேகிற மணத்துக்குச் சின்னப்பிள்ளை அடுப்படியில் வந்து அழுமாம். அதைப் பார்த்துக்கொண்டு தாய் சோறு தின்ன வேண்டும். இதையெல்லாம் நான் ஒரு வாக்கியத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அதே நாளில் இன்னொன்றும் செய்தேன். இரத்தம் குறைவாக இருந்ததால் சத்துக் குளிசை எழுதினேன். இரும்புச்சத்து ஒன்று, ஃபோலிக் அமிலம் ஒன்று. இரண்டாவது சின்ன மஞ்சள் குளிசை, கர்ப்பிணிகளுக்கு நாங்கள் தினமும் கொடுப்பது. அதை எழுதியதுகூட எனக்கு நினைவில் நிற்கவில்லை. கை தானாக எழுதியது.

ஒரு மாதத்தில் ஜெமீலா வேறு ஆளாக வந்தார். நாக்கு ஆறியிருந்தது. நிறை ஆறு இறாத்தல் கூடியிருந்தது. "பசிக்குது டொக்டர்" என்று சொல்லி வெட்கப்பட்டார். காசிம் எனக்கு ஒரு பை நிறைய இறால் கொண்டு வந்திருந்தார். நான் கால் தரையில் படாமல் நடந்தேன். என் வைத்தியம் பலித்துவிட்டது. சக வைத்தியர்களுக்கு விளக்கம் சொன்னேன். வைத்தியச் சஞ்சிகைக்கு அனுப்பவென்று ஒரு கட்டுரைகூடத் தொடங்கினேன். மஞ்சள் குளிசை அப்போது கர்ப்பிணிகளுக்கே போதாமல் இருந்தது. ஜெமீலாவுக்கு இனி எதற்கு என்று அன்றைக்கே நிறுத்திவிட்டேன்.

மூன்று மாதம் போனது. ஜெமீலா திரும்பவும் பழைய நிலையில் வந்து உட்கார்ந்தார். அதைவிட மோசம் என்றே சொல்ல வேண்டும். நாக்கு புண், கால் வீக்கம், ஏறிய நிறை எல்லாம் இறங்கி இன்னும் கீழே.

எனக்குக் கோபம் வந்தது. பாதி எழுதிய கட்டுரை அலுமாரியில் இருக்கிறது. என் நோயாளி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன்.

"மா சாப்பிடுறீங்களா?"

"இல்ல டொக்டர்."

"ஒரு துண்டு? பிள்ளைகள் மிச்சம் வைச்சது?"

"அல்லா அறிய இல்ல."

"அப்ப எப்பிடி வருத்தம் திரும்பி வந்தது?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும் டொக்டர்? அந்த மஞ்சள் குளிசையத் திரும்பத் தாங்களன். அது போடக்குள்ள நல்லா இருந்திச்சு."

நான் சிரித்தேன். "உங்களுக்குக் குளிசையில இருக்கிற விருப்பம் பத்தியத்தில இல்லை" என்றேன். ஊர் முழுக்க ரொட்டியில் உயிர் வாழ்கிறது. இவள் மட்டும் தின்னாமல் இருப்பாளா என்று என் புத்தி கணக்குப் போட்டது. சந்தேகப்பட நியாயம் இருந்தது என்று உங்களுக்கும் தோன்றும். நியாயம் இருந்தபடியால்தான் நான் அதை இரண்டாம் தரம் யோசிக்கவில்லை.

வாசலில் நின்ற காசிமைக் கூப்பிட்டேன். ஜெமீலாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன். "நானா, உங்கட மனுசி களவாச் சாப்பிடுறா. மாவைப் பூட்டி வையுங்கோ."

ஜெமீலா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "குர்ஆனில கை வெச்சுச் சொல்லுறன். நான் திங்கல்ல."

"சத்தியத்தால வருத்தம் மாறாது" என்றேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். கிளினிக் புத்தகத்தில், 'அறிவுரையைப் பின்பற்றவில்லை' என்று எழுதிக் கோடும் போட்டேன்.

அதற்குப் பிறகு ஜெமீலா கிளினிக்குக்கு வரவில்லை. நானும் தேடவில்லை.

மாதங்கள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, காசிம் தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வாட்டுக்குள் வந்தார். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார். அவ்வளவுதான் பாரம். ஜெமீலாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கண்ணை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு வைத்திய நிபுணர் வந்திருந்தார். பெண். என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. அதிகம் கதைக்க மாட்டார், கதைத்தால் கேள்வியாகத்தான் கதைப்பார். எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "எப்ப தொடங்கினது? முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்று ஜெமீலாவிடம் கேட்டார். மழைக்காலம், தெரு முழுக்க வயிற்றோட்டம், மற்றவர்களுக்கு நின்றது தனக்கு நிற்காதது எல்லாவற்றையும் ஜெமீலா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். முன்பு நான் இடையில் வெட்டிய அதே கதை. கேட்டு முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு அவர் என்னை மேசைக்குக் கூட்டிப்போய்க் கிளினிக் புத்தகத்தை விரித்தார்.

"இந்த மாசம் நல்லா இருந்திருக்கிறா. அந்த நேரம் என்னென்ன குடுத்தனீங்கள்?"

"கோதுமையை நிப்பாட்டினனான்."

"வேற?"

என் கையெழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தார். ஃபோலிக் அமிலம். பக்கத்தைத் திருப்பினார். நிறுத்தியது என்று எழுதி, கீழே என் கையொப்பம்.

"கோதுமை இல்லாமல்தானே திரும்ப வருத்தம் வந்திருக்கு? அப்ப எது குறைஞ்சது?"

அவர் மிச்சத்தையும் சொன்னார். இது சீலியாக் மாதிரியே இருக்கிற இன்னொரு சிறுகுடல் நோய். ஸ்புரூ என்று சொல்வார்கள், வெப்ப நாடுகளில் வருவது. அபூர்வம்தான், ஆனால் சீலியாக்கைவிட இங்கே வர நியாயம் உண்டு. வயிற்றோட்டம் ஒன்றுக்குப் பிறகு தொடங்கும். குடலின் உள்சுவர் அதேபோலத் தேயும், சத்து அதேபோலச் சேராது. கோதுமைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மஞ்சள் குளிசையும் டெட்ராசைக்ளின் என்ற கிருமிகொல்லியும் சில மாதம் கொடுத்தால் பெரும்பாலும் மாறிவிடும். இரண்டுமே எங்கள் மருந்து அறையில் இருந்தன.

ஒரே நாளில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்றில் எனக்குப் பெருமை இருந்தது, மற்றதைக் கவனிக்கவே இல்லை. சுகம் வந்ததும் பெருமை இருந்ததற்கு மாலை போட்டேன். நோய் திரும்பியபோது என் முடிவைச் சந்தேகிப்பதற்கு முன்னால் ஒரு பெண்ணைச் சந்தேகித்தேன். பிள்ளைகளே, இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் நோய் நிர்ணயத்தைச் சந்தேகியுங்கள், பிறகு மருந்தை, பிறகு ஆய்வுகூடத்தை. நோயாளி கடைசி.

நிபுணர் புத்தகத்தை மூடிவிட்டு, "அவட்ட நீங்கள்தான் சொல்லோணும். நான் சொல்லுறது சரியில்லை" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு ஜெமீலா மிகவும் களைத்திருந்தார், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் காசிம் பக்கத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? புதன்கிழமை தாதிமாரும் பயிலுநர்களும் என்னைச் சுற்றி நின்றார்கள். வியாழக்கிழமை நாக்குப் புண் ஆறத் தொடங்கியது. சோறு கேட்டு இரண்டு பிடி தின்றார். எனக்குப் பெரிய ஆறுதல். இன்னும் கொஞ்சம் தேறட்டும், நடக்கத் தொடங்கட்டும், அப்போது ஆறுதலாக உட்கார்ந்து சொல்லலாம் என்று நினைத்தேன். நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்னால் என் குற்றமும் கொஞ்சம் சின்னதாகத் தெரியும் அல்லவா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெமீலாவே என்னிடம் கேட்டார். "டொக்டர், இந்தக் குளிசை எதுக்கு?"

கையில் மஞ்சள் குளிசையை வைத்திருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. காசிம் தொழுகைக்குப் போயிருந்தார். இதைவிட நல்ல நேரம் யாருக்கும் வாய்க்காது.

"சத்துக்கு" என்றேன்.

"முந்தியும் சத்துக்குத்தானே தந்தீங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாடியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அன்று பின்னேரம் காய்ச்சல் தொடங்கியது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. எதிர்த்து நிற்க அந்த உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. நிபுணர் கட்டிலை விட்டு நகரவில்லை, செய்யக்கூடியது எல்லாம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் ஜெமீலா இறந்துபோனார். காசிம் மனைவியின் முகத்தைத் துணியால் மூடிவிட்டு, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று தாதியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகையால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

இறந்தவருக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகு காசிம் கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் கடைசி ஆள் போகும்வரை வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்டு கேக்கணும் டொக்டர். உள்ளதச் சொல்லணும்."

"கேளுங்கோ நானா."

"நீங்க சொன்னப் பொறகு மாத் தகரத்தப் பூட்டினன். தெறப்ப இடுப்பில கட்டிக்கிட்டுத்தான் தோணிக்குப் போவன். புள்ளையள் ரொட்டி திங்கக்குள்ள அவவ வெளியில இருக்கச் சொல்லுவன். ஒரு மாதிரிக் கதைச்சும் போட்டன், அடிக்கல்ல, ஆனா கதைச்சன். இப்ப படுக்க ஏலாம இருக்கு. அவ களவாத் திண்டவதானா?"

ஓம் என்று சொன்னால் அந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். என் பெயருக்கும் ஒரு குறையும் வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஜெமீலாவுக்காக நான் செய்ய மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இல்லை நானா. அவ ஒரு துண்டும் சாப்பிடேல்ல. நான் வருத்தத்தைப் பிழையாக் கண்டுபிடிச்சிட்டன். மாவுக்கும் அந்த வருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவ சொன்னது முழுக்க உண்மை."

காசிம் மேசை விளிம்பில் கையை ஊன்றினார். நான் ஒரு அடியை எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"எப்ப தெரிஞ்ச?"

"வாட்டுக்குக் கொண்டுவந்த அண்டைக்கே."

"அப்ப ஆறு நாள் இருந்திச்சே. அவக்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லை."

காசிம் தலையை ஆட்டினார். சாரத்தை இறுக்கிக் கட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"சனிக்கிழம எனக்கிட்ட மாப்புக் கேட்டா டொக்டர். ரொட்டி விசயத்தில உங்கட மனச நோக வெச்சிட்டன், என்ன மன்னிச்சு மாப்புச் செஞ்சிருங்க எண்டா. திண்டவதான், அதான் கேக்குறா எண்டு நினைச்சன். மாப்புச் செஞ்சிட்டன் எண்டு சொல்லி அனுப்பிப் போட்டன்."